உடும்புப் பொத்தையில் ஞாயிறு

ஸ்கூட்டி ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்கிறாய், பிரேமலீலா.
பாறைக்கு வேறு ஹெல்மெட் உண்டு.
மஞ்சள் நிறம்,
உள்ளே ஐந்து பேருடைய தேங்காயெண்ணெய் வாசம்.

ஆலங்குளம் ரோட்டிலிருந்து பார்த்தால்
இந்தப் பொத்தை ஒன்றுமேயில்லை.
பஸ் ஜன்னலில் ஒரு கொட்டாவி நேரம்.
அடியில் வந்து நிமிர்ந்தால்தான்
கழுத்து வலிக்கிறது.

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டேன்.
நாற்பத்து மூன்று வயசு,
எழுபத்தெட்டு கிலோ,
எட்டு மணிக்கு எல்லோருக்கும் இட்லி.
நடுவில் பேச்சோடு பேச்சாக
போன வாரம் ஏணி எட்டாமல்
ஜன்னல் சிலாப்பில் கால் ஊன்றி ஏறி
மாடித் தொட்டியின் பாசியைத் தேய்த்து முடித்ததாகவும் சொன்னாய்.
அன்றைக்குக் கயிறு இருந்ததா?
கீழே யார் நின்றார்கள்?

இங்கே கயிறு இருக்கிறது.
கிரேஸ் மெர்லின், பாளையங்கோட்டையில் பி.டி. டீச்சர்,
எங்கோ வடக்கே முகாமுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள்.
ஒன்பது பேர் சீட்டுக் கட்டினோம்.
முதல் சீட்டில் அறுபது மீட்டர், நீலமும் கறுப்பும்.
இரண்டாம் சீட்டில் இரண்டு ஜோடி ஷூ,
இரண்டும் ஏழாம் நம்பர்.
உன் கால் ஐந்தென்றால்
காலுறையை இரண்டாகப் போட்டுக்கொள்.

உலகம்மாள் முக்கூடலிலிருந்து வருகிறாள்.
தினம் ஆயிரம் பீடி சுற்றுகிற விரல்.
நமக்கு வழுவழுவென்று தெரிகிற இடத்தில்
சோற்றுப் பருக்கை அளவு கல்லைத்
தடவியே கண்டுபிடிப்பாள்.
"இந்தா இருக்குல்லா" என்பாள்.
இருக்கும்.

மைதீன் பாத்து மூன்று வாரம் ஏறவேயில்லை.
வந்தாள், கயிறு சுருட்டித் தந்தாள்,
முறுக்குத் தின்றாள், போனாள்.
நான்காம் வாரம்
துப்பட்டாவை ஹெல்மெட்டுக்குள் மடித்து நாலு பின் குத்தி
யாரும் கூப்பிடாமலே போய்
முடிச்சுப் போட்டாள்.

என் முதல் நாளையும் சொல்லிவிடுகிறேன்,
வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்.
ஆறடி. அதற்கு மேல் கை எழவில்லை.
வலது கால் தானாகத் தையல் மெஷின் மிதித்தது.
தூரத்துக் காற்றாடிகளெல்லாம்
என்னையே பார்த்துச் சுற்றுவதாகத் தோன்றியது.
அழுதேன்.
"அழுதுக்கிட்டே நில்லுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல"
என்றாள் கீழேயிருந்து உலகம்மாள்.
நின்றேன். பிறகு இறங்கினேன்.
ஆறடி உயரத்திலிருந்து
ஆறும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.
என் மூக்குக்கு நேரே ஒரு ஓணான்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.
அதைப் பார்க்கத்தான்
அடுத்த வாரமும் வந்தேன் என்று வைத்துக்கொள்.

ஏறுமுன் ஒன்று கேட்க வேண்டும். அது இங்கே சட்டம்.
கயிற்றின் மறுமுனையில் நிற்கிறவளைப் பார்த்து
"பிடிச்சிருக்கியா?"
அவள் "பிடிச்சிருக்கேன்" என்ற பிறகுதான்
தரையிலிருந்து கால் எடுக்கலாம்.
முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இருபது வருஷத்துக்கு முன்னால்
கேசரித் தட்டோடு கூடத்தில் நின்றபோது
ஏறக்குறைய இதே சொல்லை
என்னைத் தவிர
எல்லோரிடமும் கேட்டார்கள்.

நீ சத்தமாகக் கேள்.
ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்,
அவனுக்கும் பொழுது போகவேண்டாமா.

மாசி வெயில் ஒன்பதுக்கெல்லாம் பாறையில் ஏறிவிடும்.
அதற்குள் உச்சிக்குப் போ என்று சொல்லமாட்டேன்.
ஒரு முழம் போதும்.
ஓணான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கு.
மாவு ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது,
உன் வீட்டில் கை உள்ளவர்கள்
இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

சரி, ஹெல்மெட்டை மாற்று.
வண்டிச் சாவியை இடுப்பில் செருகாதே,
வார் இறுக்கும்போது குத்தும்.
என்னிடம் கொடு.
இந்தக் கையில் இல்லை,
அந்தக் கையில்.
இது கயிற்றில் இருக்கிறது.